கவுன்சலிங்குக்கு வருபவரின் விருப்பத்தைக் கேட்டு நடப்பது எப்படி: படிப்படியான வழிகாட்டி

புதிதாகப் பயிற்சிக்கு வரும் ஆலோசகர்களின் அமர்வுக் குறிப்புகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். பலருடைய முதல் பக்கத்தில் ஒரே வரி இருக்கும்: "விருப்பம் கேட்கப்பட்டது. குறிப்பாக எதுவும் சொல்லவில்லை." புரட்டிப் பார்த்தால், கவுன்சலிங்குக்கு வந்த அந்த ஆள் மூன்றாவது அமர்வுக்கு வந்திருக்க மாட்டார். அவருக்கு விருப்பம் இல்லாமல் இல்லை. கேட்ட நேரமும் கேட்ட விதமும் அதை வெளியே வரவிடவில்லை.

விருப்பம் என்றால், எப்படிப்பட்ட ஆலோசகர், எந்தச் சிகிச்சை முறை, எப்படிப் பேச வேண்டும் என்று வருபவர் நினைப்பது. அதைக் கேட்டு நடப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 53 ஆய்வுகளைச் சேர்த்து, 16,000 பேருக்கு மேல் பார்த்த தொகுப்பாய்வு 2018-ல் வந்தது. விரும்பியது கிடைக்காதவர்கள் பாதியில் நின்றுவிடும் வாய்ப்பு, கிடைத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. குணமாவதில் தெரிந்த வித்தியாசம் சிறியதுதான். ஆனால் வந்து உட்கார்ந்தால்தானே எந்தச் சிகிச்சையும் வேலை செய்யும்?

கீழே வரும் ஆட்கள் பலருடைய விவரங்களைக் கலந்து மாற்றி எழுதப்பட்டவர்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நான் பார்த்த தடுமாற்றங்களில் முக்கால்வாசி வரிசை மாறியதால் வந்தவை.

1. முதல் அமர்வுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களால் எதைக் கொடுக்க முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த முறைகளில் மேற்பார்வையோடு பயிற்சி எடுத்திருக்கிறீர்கள், எந்த மொழியில் தடங்கல் இல்லாமல் பேசுவீர்கள், மாலை ஆறு மணிக்கு மேல் பார்ப்பீர்களா, வீடியோவில் பார்ப்பீர்களா, கட்டணத்தில் எவ்வளவு இறங்க முடியும். இந்தத் தாள் இல்லாமல் விருப்பம் கேட்டால், பதில் வந்த பிறகு விழிக்க வேண்டியிருக்கும். ஆசையாகக் கேட்டுவிட்டுக் கையை விரிப்பது, கேட்காமலே இருந்ததைவிட அதிகமாக வலிக்கும்.

அடுத்து, அனுப்பி வைப்பதற்கான பட்டியல். ஒரு மனநல மருத்துவர், நீங்கள் பெண்ணென்றால் ஓர் ஆண் ஆலோசகர் (ஆணென்றால் ஒரு பெண்), நீங்கள் செய்யாத முறையில் தேர்ந்த ஒருவர், பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இயங்கும் நாட்கள், இவ்வளவாவது வேண்டும். எண்ணை மட்டும் எழுதி வைத்தால் போதாது. போன் செய்து, புதியவர்களை இப்போது பார்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, விருப்பத்துக்கு இடமில்லாத விஷயங்கள். உயிருக்கு ஆபத்து இருந்தால் ரகசியம் காக்க முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். "யாருக்கும் தெரியக்கூடாது" என்பதுதான் பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் விருப்பம். அதனால் எல்லையை அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

2. ஆபத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

தற்கொலை எண்ணம், வீட்டில் அடி உதை, காதில் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் அதிவேகமாகப் பேசுவது. இவற்றைக் கேட்காமல் "எந்த மாதிரி கவுன்சலிங் பிடிக்கும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி ஒரு பாரம். முதலில் பாதுகாப்புத் திட்டம் போடுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரிடம் சேருங்கள், இரவில் அழைக்க அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அவர் போனில் பதிய வையுங்கள். 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம்.

அந்த நெருக்கடியிலும் ஒரு சின்ன விருப்பத்தைக் கேட்க முடியும். "வீட்டில் யாரிடம் சொல்லட்டும்? அம்மாவிடமா, அண்ணனிடமா?" சொல்லாமல் இருக்க முடியாது, யாரிடம் என்பது அவர் கையில். அந்த அளவுக்காவது கேட்டுவிட்டால், தன்னைக் கேட்காமல் எல்லாம் நடந்துவிட்டது என்ற கசப்பு குறையும்.

3. என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள்

டிபன் கடையில் உட்கார்ந்ததும் "என்ன சாப்பிடுறீங்க?" என்றால் நாம் உடனே "என்ன இருக்கு?" என்று திருப்பிக் கேட்போம். கவுன்சலிங் அறையில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. கேட்கலாம் என்றே தெரியாது. பேசாமல் "உங்க இஷ்டம் மேடம்" என்று சொல்லிவிடுவார்கள். அதைத்தான் நம் பயிற்சியாளர்கள் "குறிப்பாக எதுவும் சொல்லவில்லை" என்று எழுதுகிறார்கள்.

ஆகவே முதல் அமர்வின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். கடைசியில் ஏன்? அதற்குள் அவர் பிரச்சினையைச் சொல்லியிருப்பார், அதற்கு என்னென்ன வழி உண்டு என்று உங்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ஆரம்பத்திலேயே பட்டியல் நீட்டினால் விளம்பரம் போல இருக்கும்.

இரண்டு அல்லது மூன்று வழிகள் போதும். முறையின் பெயரைச் சொல்லாமல், அந்த அறையில் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். பதற்றத்தோடு வந்தவரிடம் இப்படி: "ஒரு வழி, எப்போ பயம் வருது, அப்போ மனசுல என்ன ஓடுதுன்னு எழுதிப் பார்த்து, அதைச் சோதிச்சுப் பார்க்கிறது. வாரா வாரம் வீட்டுல செய்ய ஏதாவது இருக்கும். இன்னொரு வழி, இந்தப் பயம் எங்கிருந்து வந்துச்சு, யாரோட பழகும்போது அதிகமாகுதுன்னு நிதானமா பேசிப் பார்க்கிறது. இதுல வீட்டுப் பாடம் கிடையாது, நாள் கொஞ்சம் கூட ஆகலாம். மாத்திரையும் ஒரு வழி. அதை நான் எழுத முடியாது, மருத்துவர்கிட்டதான் போகணும்." ஒவ்வொன்றிலும் அவருக்கு ஆகும் நேரம், செலவு, சிரமம் மூன்றையும் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த முறையைச் சொல்லும்போது குரல் ஏறும், அதைக் கவனியுங்கள். வருபவர் அதைத்தான் முதலில் பிடிப்பார், உங்களைத் திருப்திப்படுத்த அதையே கேட்பார்.

4. மூன்று வகையாகப் பிரித்துக் கேளுங்கள்

"உங்கள் எதிர்பார்ப்பு என்ன?" என்ற ஒற்றைக் கேள்விக்கு "நல்லா ஆகணும்" என்ற ஒற்றைப் பதில்தான் வரும். ஆள், முறை, பேசும் விதம் என்று பிரித்துக் கேளுங்கள்.

ஆள்: ஆணா பெண்ணா, வயது, மொழி. இதில் வெளிப்படையாக வராத விருப்பங்களும் உண்டு. "நீங்க எந்த ஊரு மேடம்? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டால், பல நேரம் அது சாதியைத் தெரிந்துகொள்ளும் முயற்சி. பயிற்சியாளர்கள் இங்கே முகம் சுருங்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் படபடவென்று பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். "தெரிஞ்சுக்கணும்னு தோணுறதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?" என்று மெதுவாகக் கேளுங்கள். ஊரில் சாதியால் அவமானப்பட்டு வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு, தான் சொல்வதை இந்த மேடம் நம்புவாரா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வி. காரணம் தெரிந்தால்தான் சரியான இடத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதும் இந்த வகையில்தான் சேரும். பத்தொன்பது வயதுப் பெண்ணை "வாங்க, போங்க" என்றால் சிலருக்கு மரியாதை, சிலருக்கு அந்நியம். ஐம்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சுருக்கென்று இருக்கும். கேட்டுவிடுங்கள், ஒரு நிமிடம் ஆகாது.

முறை: மூன்றாம் படியில் விளக்கியதை வைத்து எது ஒத்துவரும் என்று கேட்பது. மாத்திரை வேண்டாம் என்பதும் மாத்திரை மட்டும் போதும் என்பதும் இதில் வரும்.

பேசும் விதம்: இதைத்தான் யாரும் கேட்பதில்லை, நான் பார்த்தவரை அதிகம் பேர் பாதியில் நிற்பதும் இதனால்தான். இதற்கு மிக் கூப்பர், ஜான் நார்க்ராஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் உருவாக்கிய 18 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. நான்கு திசைகளைப் பார்க்கிறது: வழிநடத்துவது ஆலோசகரா வருபவரா, உணர்ச்சிக்குள் எவ்வளவு ஆழம் போவது, பழையதைப் பேசுவதா இப்போதையதைப் பேசுவதா, அரவணைப்பு வேண்டுமா நேரடியாகக் கேள்வி கேட்க வேண்டுமா. இங்கிலீஷ் சரளமாக வருபவருக்குப் பட்டியலையே கொடுக்கலாம். மற்றவர்களுக்கு அதை வரிக்கு வரி மொழிபெயர்த்து நீட்டினால் பரீட்சைத் தாள் ஆகிவிடும். நான் பேச்சாகவே கேட்கிறேன்:

"நான் கேள்வி கேட்டு வழி காட்டட்டுமா, இல்ல நீங்க போற போக்குல பேசுங்க, நான் பின்னாடி வரட்டுமா?"

"அழுகை வந்தா நான் என்ன பண்ணணும்? பேசாம இருக்கட்டுமா, பேச்சை மாத்தட்டுமா?"

"சின்ன வயசு விஷயம் பேசலாமா, இப்போ நடக்கிறது மட்டும் போதுமா?"

"நீங்க சொல்றதுல ஒண்ணு எனக்குச் சரியா படலைன்னா முகத்துக்கு நேரா சொல்லலாமா?"

இரண்டாவது கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்து. வேலைக்கு வந்த முதல் வருடத்தில் ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்து, அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். கணவர் இறந்ததைப் பற்றிப் பேச்சு வந்ததும் நான் "அந்த வலி உடம்பில் எங்கே தெரிகிறது?" என்று கேட்டேன், இன்னும் கேட்டேன். விசும்பி அழுதார். நல்ல அமர்வு என்று குறிப்பில் எழுதினேன். அவர் திரும்ப வரவில்லை. பல மாதம் கழித்து, அவரை அனுப்பி வைத்தவர் சொன்னார்: யார் முன்னாலும் அழுவது அந்த அம்மாவுக்கு ஆகாது, அன்று பஸ் ஸ்டாண்டில் முகம் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாராம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

5. "நீங்களே சொல்லுங்க" என்று சொன்னால்

இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. எது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

முதல் அர்த்தம், என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்படியானால் வேண்டியதைக் கேட்காதீர்கள், வேண்டாததைக் கேளுங்கள். "நான் எதைச் செஞ்சா உங்களுக்குப் பிடிக்காது?" இதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. அட்வைஸ் பண்ணாதீங்க, மணியைப் பார்க்காதீங்க, வீட்டுக்குப் போன் பண்ணாதீங்க. அப்புறம், இதற்கு முன் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். டாக்டர், ஜோசியர், தர்கா, சர்ச், குலதெய்வக் கோயில் பூசாரி, ஊரில் பெரியவர், யாராக இருந்தாலும் சரி. "அங்க எது ஆறுதலா இருந்துச்சு? எது கஷ்டமா இருந்துச்சு?" அந்தப் பதிலுக்குள் அவருடைய விருப்பம் முழுசாக இருக்கும். பூசாரி பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டது பிடித்தது என்றால் அவருக்கு அவசரம் ஆகாது. டாக்டர் மூன்று நிமிடத்தில் வழி சொன்னது பிடித்தது என்றால் நேரடிப் பேச்சு வேண்டும்.

இரண்டாவது அர்த்தம், உண்மையிலேயே நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பது. அதுவும் ஒரு விருப்பம். வழிகாட்டக் கூடாது என்று பாடத்தில் படித்துவிட்டு வரும் பயிற்சியாளர்கள் இதைச் சார்ந்திருக்கும் குணம் என்று எழுதி, முதல் நாளே திருத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். "சரி, இந்த வாரத்துக்கு நான் ஒண்ணு சொல்றேன். அடுத்த வாரம் அது ஒத்துவந்துச்சான்னு நீங்க சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். கேட்டது கிடைக்கிறது, முடிவு சொல்லும் வேலை மெல்ல அவர் பக்கம் நகர்கிறது.

கேள்வி கேட்டபின் பத்து நொடி சும்மா இருங்கள். நிறையப் பேர் இரண்டாவது நொடியிலேயே தாங்களே பதிலை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

6. வீட்டார் கூட வந்திருந்தால்

அம்மா, மாமியார், கணவர், அண்ணன் யாராவது கூடவே உள்ளே வந்து உட்காருவது நம் ஊரில் சாதாரணம். அவர்கள் முன்னால் விருப்பம் கேட்டால் கிடைப்பது அவர்களுடைய விருப்பம். "இவளுக்கு நல்லா அட்வைஸ் பண்ணுங்க மேடம்" என்று மாமியார் சொல்லும்போது மருமகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வரிசை இப்படி: முதலில் எல்லோரையும் சேர்த்துப் பத்து நிமிடம் கேளுங்கள், வந்தவர்களுக்கு மரியாதை அது. பிறகு, "வழக்கமா எல்லார்கிட்டயும் கொஞ்ச நேரம் தனியா பேசுவேன்" என்று சொல்லித் தனியாகப் பேசுங்கள். தனியாக இருக்கும்போதுதான், அவர்கள் உள்ளே இருப்பது வேண்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். சிலருக்கு அம்மா பக்கத்தில் இருப்பதுதான் தைரியம். தனியாகத்தான் பேச வேண்டும் என்று நாமாக முடிவு செய்வதும் ஒரு திணிப்பு. கடைசியில் வீட்டாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரிடமே கேட்டுவிட்டுக் கதவைத் திறங்கள். வயதுவந்தவரின் தகவலை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருக்குக் கொடுத்த உரிமை. பீஸ் கட்டுவது யார் என்பதால் அது மாறாது.

7. கேட்ட விருப்பத்துக்கு என்ன பதில் சொல்வது

கேட்டதை எல்லாம் அப்படியே கொடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நான்கு பதில்கள் உண்டு. இந்த வரிசையில் யோசியுங்கள்.

முதலில், அப்படியே ஏற்க முடியுமா? கேட்டது தீங்கில்லாதது, உங்களால் முடியும் என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். காரணம் கேட்டுத் தோண்ட வேண்டாம். நாற்காலியை எதிரே போடாமல் பக்கவாட்டில் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள்.

முடியாவிட்டால், கொஞ்சம் மாற்றி ஏற்க முடியுமா? இங்கேதான் உங்கள் திறமை இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். கை கழுவிக்கொண்டே இருக்கும் ஓசிடி பிரச்சினையோடு ஒரு இளைஞர் வந்தார். புறங்கை வெடித்து, விரல் இடுக்கில் தோல் உரிந்திருந்தது. பயப்படுவதைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருந்து பழகும் பயிற்சி இதற்கு நன்றாக நிரூபணமான முறை. விளக்கியதும் அவர் சொன்னார்: "அது மட்டும் வேண்டாம் சார். பேசியே சரி பண்ணுங்க." பேச்சு மட்டும் இதற்குப் போதாது என்பது எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினால் ஏமாற்றுவதாகும், முடியாது என்றால் எழுந்து போய்விடுவார்.

"எதை நினைச்சு வேண்டாம்னு தோணுது?" என்று கேட்டேன். முதல் நாளே பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவைத் தொடச் சொல்வேன் என்று நினைத்திருந்தார், இணையத்தில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அவர் மறுத்தது பயிற்சியை அல்ல, அதன் வேகத்தை. அப்புறம் இருவருமாகப் பட்டியல் போட்டோம். எல்லாவற்றுக்கும் கீழே, சுலபமானதாக, தன் வீட்டு டிவி ரிமோட்டை வைத்தார். ரிமோட்டைத் தொட்டுவிட்டு ஐந்து நிமிடம் கழுவாமல் இருப்பது, அதுவும் அவர் "சரி" என்று சொன்ன பிறகு. அடுத்த படிக்கு எப்போது போவது என்பது அவர் முடிவு. முறை அதேதான், வேகம் அவருடையது.

மூன்றாவது, வேறு வழி ஒன்று ஒத்துவருமா? வீட்டுப் பாடம் எழுதவே மாட்டேன் என்பவரிடம், எழுதாமல் நடக்கும் முறை ஒன்றை நீங்கள் செய்யக்கூடியவராக இருந்தால், அதற்கு மாறலாம்.

நான்காவது, வேறு ஆளிடம் அனுப்புவது. பெண் ஆலோசகர்தான் வேண்டும் என்று ஒரு பெண் சொன்னால், "ரெண்டு செஷன் பார்த்துட்டு முடிவு பண்ணலாமே" என்று இழுக்காதீர்கள். முதல் படியில் தயாரித்த பட்டியலை எடுங்கள். பெயரைக் கொடுத்து அனுப்பிவிடாமல், அவர் சம்மதத்தோடு நீங்களே போன் செய்து நேரம் வாங்கிக் கொடுங்கள், அங்கே போய்ச் சேர்ந்தாரா என்றும் பாருங்கள்.

ஏற்கவே கூடாதவையும் இருக்கின்றன. மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த உதவி, காதலை முறித்து விடும்படி பெற்றோர் கேட்கும் "கவுன்சலிங்", ஓரினச் சேர்க்கையாளரை "மாற்றித்" தரும் சிகிச்சை. கடைசியாகச் சொன்னதை வந்தவரே கெஞ்சிக் கேட்டாலும் செய்யக்கூடாது. அதில் பலன் இல்லை, கெடுதல் உண்டு. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அத்தகைய முயற்சிகளுக்குத் தடை சொல்லியிருக்கிறது. மறுக்கும்போது, அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருக்கும் பயத்துக்கு இடம் கொடுங்கள்: "அதை நான் செய்ய மாட்டேன். ஆனா வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்னு பயமா இருக்குல்ல, அதைப் பேசலாம்."

8. மூன்று வரி எழுதி வையுங்கள்

அவர் கேட்டது அவர் வார்த்தையிலேயே ஒரு வரி. நீங்கள் ஒப்புக்கொண்டது ஒரு வரி. ஒப்புக்கொள்ளாததும் அதன் காரணமும் ஒரு வரி. அவர் வார்த்தையிலேயே எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அழ வைக்காதீங்க" என்பதை "உணர்வு வெளிப்பாட்டில் தயக்கம்" என்று எழுதினால், இரண்டு வாரத்தில் அது அவருடைய குறையாக மாறி, நாம் சரிசெய்யக் கிளம்பிவிடுவோம்.

9. மூன்றாவது அமர்வில் மறுபடி கேளுங்கள்

முதல் நாள் சொன்னது அனுபவம் இல்லாமல் சொன்னது. இரண்டு மூன்று அமர்வு ஆன பிறகுதான் எது ஒத்துவருகிறது என்று அவருக்கே தெரியும். ஆரம்பத்தில் அரவணைப்பு மட்டும் கேட்டவர், தெம்பு வந்ததும் "கொஞ்சம் நேரடியாவே சொல்லுங்க" என்பார்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல். முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். பத்துக்கு எத்தனை என்றால் பத்து. "ரொம்ப நல்லா போகுது சார்." அதனால் நான் இப்படிக் கேட்கிறேன்: "அரை மார்க் குறைச்சே ஆகணும்னா எதுல குறைப்பீங்க?" குறைக்க அனுமதி கிடைத்ததும் பதில் வருகிறது. ஒருவர் சொன்னது, "நீங்க எழுதிக்கிட்டே கேக்குறீங்க." அன்றிலிருந்து அவர் முன்னால் பேனாவை மூடி வைத்தேன். குறை சொன்னால் விளக்கம் கொடுக்காதீர்கள். நன்றி சொல்லி, அந்த நிமிடமே ஒரு சின்ன மாற்றத்தைச் செய்து காட்டுங்கள். அப்போதுதான் அடுத்த குறையும் வரும்.

10. வராமல் நின்றவரிடம்

முதல் அமர்விலேயே கேட்டு வையுங்கள்: "நடுவுல வராம போனா நான் ஒரு தடவை மெசேஜ் அனுப்பலாமா? எந்த நம்பருக்கு? என்ன பெயர்ல?" வீட்டுக்குத் தெரியாமல் வருபவர்கள் உண்டு, அதனால் அனுமதி இல்லாமல் அழைக்கக் கூடாது. அனுமதி இருந்தால், ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு செய்தி. "ஏன் வரவில்லை" என்ற கேள்வி அதில் வேண்டாம். நான் அனுப்புவது இவ்வளவுதான்: "போன முறை ஏதாவது ஒத்துவராமல் இருந்திருந்தால் சொல்லலாம். மாற்றிக்கொள்ள முடியும். வேறு ஆலோசகர் வேண்டுமென்றாலும் ஏற்பாடு செய்கிறேன்." பதில் வந்தால், எட்டாம் படியில் எழுதிய மூன்று வரியை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். வராவிட்டால் இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள்.